ட்ராக் பாடியவளின் வீட்டுக்காரர்

மாதா கோயில் விழா மலருக்கு என் அத்தான் மரியஜோசப்பைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். மலேசியாவில், ஈப்போ நகரில் பாட்டு கம்பெனி நடத்தியவர், இசையமைப்பாளர், நம் சபைக்குப் பெருமை என்றார்கள். நல்லதை எழுதுகிறேன். மற்றதையும் எழுதுவேன். பிடிக்காவிட்டால் போடாமல் விடட்டும், எனக்கென்ன!

பாகான் செராய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன் அவர். தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஆர்மோனியம் வாசித்தே மெட்டுப் போடப் பழகினார். தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறி, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது ஈப்போவுக்கு வந்து, ஒரு சீனர் கடைக்கு மேல்மாடியில் அறை பிடித்து, 'வெள்ளிமணி ரெக்கார்ட்ஸ்' என்று போர்டு மாட்டினார். முதலாளியும் அவர்தான், இசையமைப்பாளரும் அவர்தான். தைப்பூசத்தில் கேசட் கடை போட்டுத் தொண்டை கிழியக் கூவி விற்றவரும் அவர்தான். அந்தக் காலத்தில் அவர் பாட்டு இல்லாமல் இந்தப் பக்கம் ஒரு கல்யாணம் நடக்காது. மனுஷன் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பாட்டையெல்லாம் முதலில் பாடியது யார்? அவர் மனைவி, என் அக்கா இசபெல்லா.

மெட்டு அமைந்ததும் அக்காவைப் பாடவைத்துப் பதிவு செய்வார். அதற்கு ட்ராக் என்று பெயர். அந்த டேப் மெட்ராசுக்குப் போகும். அங்கே பேர்பெற்ற ஒரு பாடகி அதைக் கேட்டு, அக்கா இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்திய இடத்தில் நிறுத்திப் பாடி அனுப்புவார். அது வந்து சேர்ந்ததும் அக்காவின் குரலை அழித்துவிட்டு அதே டேப்பில் அடுத்த பாட்டின் ட்ராக் எடுப்பார் அத்தான்.

"அக்கா பாடுனதே நல்லாதான இருக்கு அத்தான், அப்படியே போட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஒனக்குத் தெரியாதுலா லூர்து. ஈப்போ பொம்பள பாடுனான்னு கவர்ல போட்டா எவன் வாங்குவான்? மெட்ராஸ் பேரு இருந்தாதான் ஓடும்."

"விடுடி, அவருக்குத் தெரியாததா?" என்று அக்கா என்னைத்தான் அடக்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு பசார் மாலாம் இரவுச் சந்தைகளில் திருட்டு சிடி வந்தது. அதையும் விழுங்க கைப்பேசி வந்தது. போர்டைக் கழற்றிவிட்டு இருவரும் சிம்பாங் பூலாயில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார்கள்.

போன வருஷம் அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தால் உயிர் பிழைக்கும், பேச்சு வராது என்றார் டாக்டர். நானும் கூடப் போயிருந்தேன். திரும்பி வரும் வழியில் அத்தான் பெட்ரோல் போட எண்ணெய்க் கடையில் காரை நிறுத்தினார். அக்கா கழிவறைக்குப் போனதும், ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதார்.

"அவ குரலு எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல லூர்து. எல்லாத்தயும் நானே அழிச்சிட்டேன்."

ஆப்பரேஷனுக்கு இரண்டு நாள் இருந்தது. அக்காவுக்காகவே ஒரு பாட்டு எழுதி மெட்டமைத்தார். கோயில் பாடகர் குழுவிடம் மைக் இரவல் வாங்கி வந்து, காற்றாடியை நிறுத்தி, ஜன்னலை எல்லாம் சாத்தினார். அக்கா கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். பாடினாள். குரல் கரகரத்தது. ஆனாலும் என் அக்கா குரல்தான் அது, ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது!

பல்லவி முடிந்து மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. அத்தான் கண்ணை மூடியபடியே கையை உயர்த்திச் சைகை காட்டினார்.

"பரவால்ல இஸ்பெல், ட்ராக்குதான? அப்படியே பாடிட்டுப் போ."

பழக்கதோஷம். அத்தனை வருஷமும் அவளிடம் சொல்லிவந்த அதே பேச்சு, அன்றைக்கும் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "அப்ப அசல யாருங்க பாடப்போறா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அத்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் அவள் மறுபடி மைக் முன்னால் வரவில்லை. "வலிக்குதுங்க" என்றாள், அவ்வளவுதான். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அவரிடம் இப்போது இருப்பது அந்தப் பதிவு மட்டும்தான். பல்லவி, நடுவில் அவர் சொன்னது, கடைசியில் அக்காவின் கேள்வி.

"நான் பேசுன எடத்த வெட்டிரவா லூர்து?" என்று ஒருநாள் கேட்டார்.

"வெட்டுங்க. அப்பறம் அவ எதுக்கு அப்படிக் கேட்டான்னு யாருக்கும் தெரியாது, ஒங்களுக்கு நிம்மதிதான!" என்றேன். வயிற்றெரிச்சலில் வந்த வார்த்தை. அவர் வெட்டவில்லை.

தினமும் சாயங்காலம் முன்னறையில் உட்கார்ந்து ரேடியோ செட்டில் அதைப் போடுகிறார். அக்காவின் கேள்வி வந்ததும், "நீதான் இஸ்பெல், நீதான் பாடணும்" என்று ரேடியோவைப் பார்த்துச் சொல்கிறார். அக்கா அடுப்படியிலிருந்து வந்து, அவர் பக்கத்தில் காப்பியை வைத்துவிட்டு, போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள்.