வீட்ல எப்படிக் கூப்பிடுவாங்க?

எதிர்வீட்டுக்காரர் இரண்டு விரலால் தன் வீட்டுக் கதவு நிலையைத் தட்டுகிறார். டொக், டொக். தொண்டையைச் செருமிக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கிறார். "சாப்பாடு ஆறிப்போவுது. சாப்பாடு ஆறிப்போவுது." எதையும் இரண்டு தடவை சொல்லாவிட்டால் அவருக்குச் சொன்ன மாதிரியே இருக்காது. என் வீட்டில் செய்தித்தாள் இரவல் வாங்க வந்தாலும் இதே சடங்குதான். தட்டுவதற்கு வாகாக ஒன்றும் அகப்படவில்லை என்றால் என் சட்டைப் பொத்தானைத் தட்டிவிட்டுப் பேசுவார்.

குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'மைக்'. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. பட்டப்பெயரில் அவருக்கு வருத்தமில்லை, உள்ளூரப் பெருமைதான். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிகூட, கோபம் வந்தால் "மொதல்ல மைக்க ஆஃப் பண்ணுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்.

நிலையத்தில் அவருக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே மேசை, மைக், ஒரு விசிறி. விசிறி ஓடினால் அதன் கடகடப்பு ஒலிபெருக்கியில் கேட்கும் என்பதால் பேசும்போதெல்லாம் அதை நிறுத்துவார். கூட்ட நேரத்தில் அந்த விசிறி சுற்றுவதைவிட நிற்பதே அதிகம். எதிர்வீட்டுக்காரன் என்ற சலுகையில் நானும் தினம் ஓசிக் காற்று வாங்க அங்கே போய் உட்காருகிறேன். காற்று வந்தபாடில்லை. வேடிக்கைக்குக் குறைவில்லை.

வேடிக்கை என்றால் காணாமல்போன குழந்தைகள்தான். அவர்களுக்கென்று மேசையோரம் ஒரு சிவப்பு முக்காலியும் இழுப்பறையில் ஒரு பிஸ்கட் பொட்டலமும் வைத்திருக்கிறார். அழுதுகொண்டு வருகிற பிள்ளையை முக்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, அதன் உயரத்துக்குத் தானும் குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். "வீட்ல உன்ன எப்படிக் கூப்பிடுவாங்க?" பள்ளிக்கூடப் பெயர் அவருக்கு வேண்டாம். "அத மைக்ல சொன்னா பெத்தவங்களுக்கே யாரோ எவரோன்னு இருக்கும் சார். வீட்டுப் பேர சொல்லிப் பாருங்க, செருப்ப விட்டுட்டு ஓடி வருவாங்க."

பிறகு விசிறி நிற்கும், மைக்கில் டொக் டொக் கேட்கும், செந்தமிழ் முழங்கும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. குண்டு என்கிற ஆண் குழந்தை அறிவிப்பு அறையில் உள்ளது. குண்டுவின் பெற்றோர் உடனே வரவும்." மூச்சிரைக்க ஓடி வரும் அப்பாவைப் பார்த்தாலே பையனுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

ஊரார் பிள்ளைகளையெல்லாம் பேர் சொல்லிச் சேர்த்துவைக்கிற இந்த மனிதருக்குச் சொந்த வீட்டில் பேரால்தான் வில்லங்கம் வந்தது.

அவருக்கு நாலரை வயதில் ஒரு மகள். எங்கள் மாடியில் 'பாப்பா' என்றால் அவள் ஒருத்திதான். பால் போடுபவர் முதல் மீட்டர் பார்க்க வருபவர் வரை எல்லோருக்கும் பாப்பா. மனைவி மறுபடி முழுகாமல் இருந்தபோது மைக் அவளை உட்கார வைத்து, நாற்காலிக் கையைத் தட்டி, முறைப்படி அறிவித்தார். "இன்னும் கொஞ்ச நாள்ல நம்ம வீட்டுக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வந்து சேரும்."

"எந்த பிளாட்பாரம்?" என்று கேட்டாள் மகள்.

நாலு பேரிடம் யோசனை கேட்டார். பத்திரிகையில் வந்ததையெல்லாம் கத்தரித்து வைத்தார். பழகுவதற்கு ஒரு பொம்மை வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள், வாங்கினார். ஒரு வாரத்தில் ஒற்றைக் கை மட்டும் மிஞ்சிய அதை அவள் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டி, "கை கழண்டுச்சு, ஆனா அழவே இல்லம்மா. வரப்போறதும் இப்படித்தான இருக்கும்?" என்று கேட்க, அந்த அம்மாள் அன்றே பொம்மையைப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

பிறந்தது தம்பி. தம்பி கொண்டுவந்ததாகச் சொல்லி ஒரு பரிசு கொடுத்தால் பெரிய குழந்தைக்குப் பாசம் வரும் என்பது அடுத்த யோசனை. வண்ணப் பென்சில் பெட்டியை நீட்டினார். அவள் பெட்டியைப் பார்த்தாள், துணிச் சுருளுக்குள் கிடந்ததைப் பார்த்தாள்.

"இது எப்ப கடைக்குப் போச்சு?"

"அது வந்து... வர்ற வழில வாங்கிட்டு வந்தான்."

"பல்லே இல்ல. கடைக்காரர்கிட்ட எப்படிக் கேட்டுச்சு?"

மைக் பென்சில் பெட்டியை டொக் டொக்கென்று தட்டிவிட்டு, பென்சில் சீவ உட்கார்ந்துவிட்டார்.

இதெல்லாம் சிரித்துக் கடந்துவிடக் கூடியவை. பேர் விஷயம் அப்படி இல்லை. தொட்டில் வந்த நாளிலிருந்து வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் "பாப்பா அழுவுது", "பாப்பா தூங்குது" என்றுதான் பேச்சு. அவள் முதலில் பொறுமையாகத் திருத்திப் பார்த்தாள். "நான் அழலையே." "நான் தூங்கல, இங்கதான நிக்கறேன்." யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் மைக் கூடத்திலிருந்து "பாப்பா, சாப்பிட வா" என்று கூப்பிட்டார். அவள் தரையை விட்டு அசையவில்லை.

"அது வராது. அதுக்கு நடக்கத் தெரியாது" என்றாள்.

அன்றிலிருந்து எந்தக் கூப்பாட்டுக்கும் அவள் திரும்புவதில்லை. 'பெரிய பாப்பா' என்று அழைத்துப் பார்த்தார்கள். "பெரிய தலையா எனக்கு?" என்றாள். 'அக்கா' என்று மாற்றினார்கள். ஐம்பதைத் தாண்டிய நானும் ஒத்துழைப்போமே என்று "வாங்கக்கா" என்றேன். அவள் என் வழுக்கையை நிதானமாகப் பார்த்துவிட்டு, "மாமா, நீங்க எனக்குத் தம்பியா?" என்று கேட்டாள். கடைசியில் மைக் பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். விறைப்பாக எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு தடை உத்தரவு வந்தது. சின்னவனை யாரும் 'பாப்பா' என்று சொல்லக் கூடாது என்று கதவைத் தட்டி இரண்டு தடவை அறிவித்தார். வாய் சும்மா இருக்குமா? 'பா' என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்குவார்கள். "பா... அவர் ஈரம் பண்ணிட்டாரு." "ஏங்க, மேற்படியாருக்குப் பசி போல." ஒரு விரல் நீளப் பாதம்கூட இல்லாத பயல் ஒரு மாதம் முழுக்க மேற்படியாராக வாழ்ந்தான். இவ்வளவு மரியாதை கிடைத்தும் அவன் ஈரம் பண்ணுவதை நிறுத்தவில்லை.

அந்த நாட்களில் ஒரு காலை, அறிவிப்பை முடித்துவிட்டு விசிறியைப் போட மறந்து உட்கார்ந்திருந்தார். "ஊர்ல எவனெவனோ கூப்பிட்டா வரான் சார். பக்கத்து ரூம்ல இருக்கற எம்பொண்ணு வரமாட்டேங்கறா. எனக்கு மனசே சரியில்ல" என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எனக்கும் சங்கடமாகிவிட்டது.

சின்னவனுக்குத் தடுப்பூசி போட்ட அன்று மனைவி இரண்டு பிள்ளைகளோடும் வீடு திரும்ப நிலையத்துக்கு வந்தார். நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து, ஊசி வலியில் கத்துகிறவனைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தபோது பெரியவள் எழுந்து நேராகக் கண்ணாடிக் கூண்டுக்கு நடந்து வந்துவிட்டாள். நான் அப்போது உள்ளேதான் இருந்தேன். அவள் எங்களை ஏறிட்டும் பார்க்காமல் சிவப்பு முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"நான் காணாமப் போயிட்டேன்" என்றாள்.

மைக் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு இழுப்பறையைத் திறந்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"வீட்ல உன்ன எப்படிக் கூப்பிடுவாங்க?"

இத்தனை நாளும் அவளுக்குப் பேர் வைத்துக்கொண்டே இருந்தவர், அவளிடம் இதைக் கேட்டது அன்றுதான்.

"இப்ப ஒண்ணும் கூப்பிடறதில்ல."

"முன்னாடி?"

"பாப்பா."

விசிறி நின்றது. டொக், டொக். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பாப்பா என்கிற பெண் குழந்தை அறிவிப்பு அறையில் உள்ளது." மகளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "பாப்பாவின் அம்மா உடனே வரவும்."

பிறகு நடந்ததை நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. பேருந்து நிலையத்தில் பாதிப் பேர் வீட்டில் ஒரு பாப்பா இருக்கும்போலிருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே திமுதிமுவென்று கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர், "எம்பொண்ணா சார்? காலேஜ் பஸ்ல ஏத்தி விட்டேனே, ஏறலையா?" என்று பதறினார். ஒரு அம்மாள், மீசை வைத்த வாலிபன் ஒருவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பெண் குழந்தைன்னுதானம்மா சொன்னேன்" என்றார் மைக்.

"பாப்பான்னு காதுல விழுந்துச்சு, ஓடி வந்துட்டேன். இவன்தான் எங்க வீட்டுப் பாப்பா. பத்திரமாத்தான் இருக்கான், இருந்தாலும் மனசு கேக்கல."

முக்காலியில் இருந்தவள் மீசையை ஆராய்ந்தாள். "இந்தப் பாப்பாவுக்குத் தம்பி இருக்கா?"

"ரெண்டு பேரு இருக்கானுங்க கண்ணு."

"அவங்கள எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அவனுங்களும் பாப்பாதான். கூப்பிட்டா மூணு பேரும் திரும்பிப் பாப்பானுங்க, ஒருத்தனும் ஒரு வேல செய்ய மாட்டான்."

மீசைக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் யோசனையில் ஆழ்ந்தாள்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் அம்மா வந்தார். தோளில் சின்னவன். தலை கலைந்திருந்தது, மூச்சு வாங்கியது. மகளைக் கண்டதும் கதவிலேயே சாய்ந்துகொண்டார். மகள் அம்மாவின் காலைப் பார்த்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"அம்மா, செருப்பு எங்க?"

"யாருக்குத் தெரியும்? பாப்பான்னு கேட்டுச்சு, உன்னக் காணோம், வந்துட்டேன்."

இவ்வளவுக்கும் நடுவில் மைக் விதிமுறையை விடவில்லை. குழந்தை அடையாளம் காட்டினால்தான் யாரோடும் அனுப்புவார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இவங்க யாரும்மா?"

"அம்மா."

"தோள்ல?"

அவள் தோளில் இருந்தவனையும் வெளியே நின்ற மீசைக்காரனையும் மாறிமாறிப் பார்த்தாள். "அவனும் பாப்பாதான்" என்றாள். அதுவரை அவன் அவளுக்கு 'அது'.

முக்காலியை விட்டு இறங்கி, பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் தம்பியின் வாய்ப்பக்கம் நீட்டினாள். பிறகு பல் விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. எட்டி அப்பாவின் சட்டைப் பையில் அதைப் போட்டாள்.

"பல்லு வந்ததும் அவன்கிட்ட குடுத்துடுங்கப்பா. நீங்க தின்னுடக் கூடாது."

அம்மாவும் இரண்டு பாப்பாக்களும் செருப்பைத் தேடிக் கிளம்பினார்கள். மூன்றாவது நடைமேடைப் பேருந்து புறப்படத் தயாராக நின்றது. மைக் விசிறியை நிறுத்தி, டொக் டொக் என்று தட்டினார். பேசுவதற்காக மேசைமேல் சாயப் போனவர், சட்டென்று நிமிர்ந்து, பிஸ்கட் நொறுங்கிவிடாதபடி ஒரு கையால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு, மெல்லக் குனிந்தார்.