சொந்தப் பெயரில் ஓர் எல்லை

எங்கள் சனத்துக்குப் பயணம் என்றால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதுதான். லண்டன் என்றால் சித்தி வீடு, பாரிஸ் என்றால் மச்சான் வீடு, சுவிஸ் என்றால் யாரோ ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு. சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத இடத்துக்கு, அதுவும் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு போகப்போகிறோம் என்று சொன்னபோது டொரன்டோ மோர்னிங்சைட்டில் எங்கள் தொடர்மாடியே அதைப் பற்றிக் கதைத்தது. கீழ்வீட்டு அன்ரி நேராகவே கேட்டார்.

"பிள்ளை, உங்களுக்கு விசரே? உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடி வந்த சனம் நாங்கள். உந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்ப நடக்கப் போறியளோ?"

"ஓம் அன்ரி. இந்த முறை ஒருத்தரும் துரத்தாமல் நடந்து பாக்கப்போறம்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்ரி பிறகு கனநாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம் அது. எனக்கும் என் கணவருக்கும் நீலநிறக் கனடாக் கடவுச்சீட்டு வந்திருந்தது. மிசிசாகாவில் நான் வேலைசெய்த அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் முதுகுப்பையோடு ஆசியாவைச் சுற்றிவிட்டு வந்து படங்கள் காட்டினாள். தாய்லாந்திலிருந்து மலேசியாவுக்கு நடந்தே போனதாகச் சொன்னாள். வீட்டில் சாப்பிடும்போது இதை என் கணவரிடம் சொன்னேன். பிட்டுக் குழைத்த கை அப்படியே நின்றது.

"நடந்தோ?"

"ஓம், நடந்து."

"ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"பேரைக் கேட்டவையாம். முத்திரை குத்தினவையாம். அவ்வளவுதான்."

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் இவர் ஸ்பொன்சர் செய்து விமானத்தில் சுகமாக வந்து இறங்கியவள். இவர் வந்த வழி வேறு. பாங்கொக்கில் ஒரு அறையில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து, மலேசியத் தமிழர் ஒருவருடைய கடவுச்சீட்டில் தன் படத்தை ஒட்டிக்கொண்டு வந்தவர். ஆள் அனுப்புகிற ஏஜென்ட் நாள்தோறும் வந்து தமிழில் கேட்பானாம்: பேர் என்ன? அப்பா பேர் என்ன? எந்த ஊர், எந்தத் தெரு? நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பிழைக்கக் கூடாதாம். அப்படி வேறொருவராகப் பறந்து வந்து, டொரன்டோவில் இறங்கி, நான் அகதி என்று சொன்ன பிறகுதான் இவர் திரும்பவும் இவரானார். அந்த மலேசியரின் பெயரை மட்டும் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால், "அதை விடும்" என்பார்.

கை கழுவிக்கொண்டு வந்து சொன்னார்: "அந்த நாட்டுக்காரனாய் ஒருநாள் இருந்தனான். அந்த நாட்டைக் கண்ணாலையும் காணேல்லை. ஒருக்காவெண்டாலும் அந்த எல்லையை என்ரை பேரிலை நடந்து கடக்கவேணும். எயார்போட் வேண்டாம். எயார்போட்டிலை எனக்கு நடிப்புத்தான் வரும்."

தனக்கு ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். அதனால் மறுபேச்சுப் பேசவில்லை.

தாய்லாந்தின் ஹட்யாயிலிருந்து மினிபஸ் எங்களை எல்லையில் கொண்டுவந்து இறக்கியது. கூட வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் அரைக்காற்சட்டையும் அழுக்கு ரீசேட்டுமாக இறங்க, இவர் இஸ்திரி போட்டு மினுக்கிய முழுக்கைச் சட்டையும் சப்பாத்துமாக இறங்கினார். எல்லை கடக்கிறவன் கனவானாகத் தெரியவேண்டும் என்பது ஏஜென்ட் படிப்பித்த பாடம். அந்தச் சட்டைக்கு மேலே முதுகுப்பை.

"பொம்பிளை பாக்கவோ வெளிக்கிட்டிருக்கிறியள்?" என்று சீண்டினேன். சிரிக்கவில்லை.

தாய்லாந்துக்காரர் முத்திரை குத்தி எங்களை விட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாட்டுக் காவலறைகளுக்கும் நடுவில் இருந்தது ஒரு தார் வீதி மட்டும்தான். நான் தீவில் பிறந்தவள். நாடு முடிகிற இடத்தில் கடல் இருக்கும் என்றே நம்பி வளர்ந்தவள். கனடாவின் நயாகரா எல்லையில்கூட நடுவில் ஆறு ஓடுகிறது. இங்கே பின்னால் நின்ற அதே மரங்கள் முன்னாலும் நின்றன. அதே வெயில், அதே புல். தாய்லாந்தில் படுத்திருந்த ஒரு நாய் சோம்பல் முறித்து எழும்பி, எங்களை முந்திக்கொண்டு மலேசியாவுக்குள் போனது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உலகம் இப்படி ஒட்டிக்கொண்டா கிடக்கிறது! இந்த வீதி போய்க்கொண்டே இருக்கும், இதில் இறங்கினால் கால் போன இடமெல்லாம் போகலாம் என்று நினைக்க உடம்பு சிலிர்த்தது. இதைப்போன்ற எல்லைகளைக் கடக்கவா எங்கள் பொடியள் லொறிகளுக்குள் மூச்சடக்கிக் கிடந்தார்கள் என்று நினைக்கக் கோபமும் வந்தது.

"நிக்காமல் வாரும்" என்றார் இவர். அவர் எதையும் பார்க்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

மலேசியக் காவலறையில் சீருடையோடு ஒரு இளம் அதிகாரி இருந்தார். இவருடைய கடவுச்சீட்டைத் திறந்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு தமிழில் கேட்டார்.

"பேரு என்னங்க?"

எனக்குக் கண்கள் கலங்கிவிட்டன. ஊரில் சீருடை போட்டவன் தமிழில் எங்களிடம் பெயர் கேட்டு நான் கண்டதில்லை. கனடாவிலும் இல்லை. எல்லையில், மேசைக்குப் பின்னால், எங்கள் பாசையில், மரியாதையாக ஒரு கேள்வி! அந்த அதிசயத்தில் நான் திளைத்துக்கொண்டிருக்கும்போதே இவர் பதில் சொன்னார். கணீரென்று, தடுமாறாமல், நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு பெயரைச் சொன்னார். தகப்பன் பெயர், ஊர், தெரு எல்லாம் ஒரே மூச்சில் வந்தன.

அதிகாரி கடவுச்சீட்டை மறுபடி பார்த்தார். இவருக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் வெளிறியது; மினுக்கிய சட்டை வியர்வையில் நனைந்தது. எல்லாம் முடிந்தது, எங்களைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்றே நினைத்தேன். நானே முந்திக்கொண்டு இவர் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதிகாரி என்னைப் பார்த்துக் கையால் பொறுங்கள் என்று காட்டினார்.

"பதட்டப்படாதீங்கண்ணே. உங்க பேரச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் அவசரப்படுத்தவில்லை. இவர் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை போலத் தன் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரையும் சொன்னார். முத்திரை விழுந்தது.

"சரிங்கண்ணே. வாங்க" என்றார் அதிகாரி. அவர் எவ்வளவை ஊகித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அவரைக் கையெடுத்துக் கும்பிடாததுதான் குறை.

மலேசியப் பக்கம் ஏறிய பஸ்ஸில் யன்னல் சீற்றை எனக்குத் தராமல் தானே பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தரிப்பிலும் ஏறுகிற தமிழ் முகங்களை, தன் வயது ஆண்களை, உற்று உற்றுப் பார்த்தார்.

"ஆரைத் தேடுறியள்?"

"அந்தப் பேருக்குரிய ஆள் இங்கைதானே இருப்பான்" என்றார். "இவ்வளவு நாளும் அதை ஒரு மனிசனாய் நான் நினைக்கேல்லை."

"கண்டால் என்ன சொல்லுவியள்?"

திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ரை பேரைச் சொல்லுவன்" என்றார்.