ஏழாம் குழிக்கு எழுதப்பட்ட நான்கு

அண்ணன் தாய்லாந்திலிருந்து பேசினாலும் பங்களாதேஷிலிருந்து பேசினாலும் முதலில் கேட்பது மழையைத்தான். "இங்க வெயில்ல அவிஞ்சு போயிட்டேன் தங்கச்சி. ஹட்டன் மழையைக் கொஞ்சம் பார்சல் பண்ணி அனுப்பு." பிறகுதான் ஆட்டம். அவன் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரன், பெயர் பெற்றவனல்ல. நான்கு நாள் போட்டிகளில் இரண்டாம் நாள் மாலை பாதிப் பேரை வெளியேற்றுவார்கள். பெரும்பாலும் அந்தப் பாதியில் அவன் இருப்பான். "ரெண்டு நாள் லீவு குடுத்துட்டாங்க" என்பான். இடைப்பட்ட மாதங்களில் மலேசியாவில் ஒரு பயிற்சித் திடலில் பந்து பொறுக்குகிறான்.

இந்த வாழ்க்கை ஐந்து வருடம் முன்பே, இதைவிட நல்ல இடத்தில் தொடங்கியிருக்க வேண்டும்.

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அப்பால் ஒன்பது குழிகள் கொண்ட சிறிய மைதானம் உண்டு. அங்கே ஆடும், தோட்ட மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற துரை ஒருவருக்கு அண்ணன் ஏழு வருடம் மட்டைப் பை தூக்கினான். வெளிநாட்டுப் பயிற்சிக்கு ஒருவரைத் தெரிவுசெய்யும் ஆட்டம் அங்கேதான் நடந்தது. கோல்ஃபில் ஒருவனுடைய அடிகளை இன்னொருவர் அட்டையில் குறிப்பார். முடிவில் ஆடியவன் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். உள்ளதைவிடக் குறைந்த எண்ணுக்குக் கையெழுத்திட்டால் நீக்கிவிடுவார்கள். அண்ணனின் அட்டையைக் குறித்தவர் அந்தத் துரை. ஏழாம் குழிக்கு அண்ணன் ஐந்து அடி எடுத்தான். துரை நான்கு என்று எழுதினார்.

அண்ணன் வாசிக்காமலே கையெழுத்திட்டான். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் வளராதவர்களுக்கு இதை விளக்குவது கடினம். தோட்டத்து ஆபிசில் துரை நீட்டும் தாளை அவர் எதிரிலேயே வாசிப்பது அவரைச் சந்தேகிப்பதாகும். விரல் காட்டிய இடத்தில் பெயரை எழுதி, "சரிங்க தொரை" என்று இரண்டடி பின்வாங்க வேண்டும். அம்மா முப்பது வருடம் அப்படித்தான் செய்தார். அட்டையைக் கொடுத்த பிறகு துரையே போட்டி அதிகாரிகளின் மேசைக்குத் திரும்பிவந்து, ஏழாம் குழியில் ஐந்தாக இருக்கலாம் என்று நினைவுகூர்ந்தார். அண்ணன் நீக்கப்பட்டான். இரண்டாவதாக வந்திருந்த துரையின் தங்கை மகன் தெரிவானான்.

சென்ற விடுமுறையில் துரை என்னைத் தம் பங்களாவுக்கு அழைத்தார். மைதானம் வெளியிடும் சிறப்பு மலருக்கு அண்ணனைப் பற்றி நான் எழுத வேண்டும். "மொத மொதல்ல மட்டைய அவன் கையில குடுத்தது நான். அதையும் போடு." மலர் வெளிவந்ததும் அண்ணனை அங்கேயே பயிற்றுநராக அமர்த்துவதாகவும் சொன்னார். அண்ணனுக்கு ஊருக்குத் திரும்ப இருந்த ஒரே வழி அது.

இரண்டு பக்கம் எழுதினேன். அவர் மட்டை கொடுத்ததையும் எழுதினேன், ஏழாம் குழிக்கு அவர் போட்ட நான்கையும் எழுதினேன். வாசித்தவர் தலை நிமிர்த்தினார்.

"இது கை தவறி எழுதுனது. அப்படின்னு போடு."

அவருடைய மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கை தவறித்தான்னு இவங்க முன்னால சொல்லுங்க சார். இப்பவே போட்டுடுறேன்."

மனைவி கெண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். துரையின் கழுத்து முதலில் சிவந்தது, பிறகு காதுகள்.

"ஒங்கண்ணன் வேலைக்கு எங்கிட்டத்தான் வரணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

மலர் அண்ணன் இல்லாமல் வெளிவந்தது. பயிற்றுநராக வேறொருவரை அமர்த்தினார்கள். செய்தியைச் சொன்னபோது அண்ணன் சிரிக்கவில்லை.

"ஒன்னைய யாரு பழி வாங்கச் சொன்னா? நான் வீட்டுக்கு வந்திருப்பேன்ல?"

அவன் கோபம் நியாயமானது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், அதை மனதாரவே கேட்டேன். ஆனால் அந்த இரண்டு பக்கத்தையும் பிரதியெடுத்து, அந்த மைதானத்தின் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். துரையின் மனைவிக்கும் ஒன்று.