ஆடிக் காற்றில் ஒட்டன்சத்திரம்

பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிள்கள் இரண்டு எங்கள் மாடிப்படிக்குக் கீழே சும்மா நின்றன. என் மகளும் நாத்தனார் மகளும் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டார்கள். நானும் நாத்தனாரும் அவற்றைத் துடைத்துக் காற்றடித்து, காலையில் திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றிவர ஆரம்பித்தோம். கொஞ்ச நாளில் அது போதவில்லை. ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் என் பிறந்த வீட்டுக்குச் சைக்கிளிலேயே போவது என்று முடிவு செய்தோம்.

நாத்தனாருக்கு இதில் வேறொரு ஆசையும் இருந்தது. பாண்டிய நாடு முடிந்து கொங்கு நாடு தொடங்குவது அந்தச் சாலையில் எங்கேயோதான். “எல்லைக்கல்லெல்லாம் எதுக்கு மதினி? எந்த ஊருக்காரக மொதல்ல ‘ங்க’ போட்டுப் பேசுறாகளோ, அதான் எல்லை” என்றாள்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “பாதி வழீல மூச்சு வாங்கி நின்னா போனப் போடு அம்மணி. காய் ஏத்தற டெம்போவ அனுப்பி வெக்கறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் நான் சைக்கிள் கேட்டபோதும் வீட்டில் இதே சிரிப்புத்தான். அண்ணன் ஓட்டுவார், நான் கேரியரில் உட்கார்ந்து போவேன். “வந்தா மிதிச்சுத்தான் வருவேனுங்ணா” என்று போனை வைத்தேன்.

ரோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். அது ஆடி மாதம். ஒட்டன்சத்திரம் இருக்கிற மேற்குத் திசையில் போகிறவர்களைக் காற்று முகத்தில் அறைகிற மாதம். அந்தக் காற்றிலேயே வளர்ந்தவளுக்கு அது மறந்துபோனதை எங்கே போய்ச் சொல்ல!

ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் காற்று எங்களைப் பிடித்துக்கொண்டது. மிதித்தால் நின்றோம், மிதிக்காவிட்டால் பின்னால் போனோம். நாத்தனாரின் துப்பட்டா பறந்து முள்வேலியில் மாட்டியது. “இம்புட்டுக் காத்தயும் எங்க மதினி வச்சிருந்தீக உங்க ஊர்ல?” என்று கத்தினாள். சிரித்துச் சிரித்து மிச்சமிருந்த மூச்சும் போனது. ஆனாலும் இடது பக்கம் மலை கூடவே வந்தது, தோட்டங்களில் இருந்து ஈர மண்வாசம் வந்தது. பஸ் ஜன்னலில் எத்தனையோ தடவை பார்த்த சாலைதான். அன்றைக்கு அது எனக்கே எனக்கு என்று இருந்தது.

எதிரே வந்த டெம்போ ஒன்று நின்றது. “உங்கண்ணன் அனுப்புச்சாருங்க. இந்தக் காத்துல எதுக்குங்க? ஏறிக்குங்க” என்றார் டிரைவர்.

“மதினி, எல்லை வந்துருச்சு!” என்று நாத்தனார் கை தட்டினாள்.

“அது அந்த ஊரு வண்டி. எங்க நின்னாலும் அப்படித்தான் பேசும். கணக்குல வராது” என்றேன். டிரைவரிடம், வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். என் தொடை இரண்டும் வேறு மாதிரி சொல்லின. நான் காது கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் வெகுநேரம் மிதித்து ஒரு டீக்கடையில் நின்றோம். கடைக்கார அம்மா, “சர்க்கரை போடலாமுங்களா?” என்று கேட்டார். நாத்தனாருக்கு எல்லை கிடைத்துவிட்டது. அந்தக் கடை நிழலிலேயே ஒரு பழைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என் அண்ணன் நின்றிருந்தார்.

“டெம்போவத் திருப்பி அனுப்பிட்டயாமா. எல்லைக்கு வந்து அழைச்சுட்டுப் போறதுதான மொற, வந்துட்டேன்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

“நான் எப்படி வந்தேன் பாரு, சும்மா பறந்துட்டு வந்தேன்” என்று பெருமை வேறு. வரும்போது காற்று அவர் முதுகில். திரும்பியபோதுதான் அது அவருக்குப் புரிந்தது. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் இறங்கி நின்றுவிட்டார். நாத்தனாருக்கு அவர் மச்சான் முறை, கேலிக்குக் கேட்கவா வேண்டும்! “என்ன மச்சான், கேரியர்ல ஏறிக்கிறீகளா?”

அவர் என்னைப் பார்க்காமல் போனை எடுத்தார். “அம்மணி, அந்த டெம்போவக் கூப்புடட்டுமா?”

“கூப்புடுங்ணா. உங்களுக்கு மட்டும்.”

நாங்கள் மிதித்துக்கொண்டே இருந்தோம். காய் ஏற்றப் போய்விட்ட டெம்போவுக்கு அண்ணன் வெகுநேரம் காத்திருந்து, சைக்கிளை ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது, நான் சொம்பில் தண்ணீரோடு நின்றிருந்தேன்.

“வாங்ணா. தண்ணி குடிங்க.”