சொந்த உழைப்புக் கட்டம்

மேற்குக் கரையில் அவருக்குக் ‘கால்மணி’ என்று பெயர். யார் வயலில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதைக் கால் மணி பிசகாமல் எழுதுகிறவர் என்பதால் வந்த பட்டம். கேலிக்கு வைத்ததுதான், ஆனால் அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. வேளாண் கணக்கெடுப்பு அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டு வேலை. ஆற்றுக்கு மேற்கே இருபத்திரண்டு பண்ணைகள் அவர் பொறுப்பு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மொபெட்டை உருட்டிக்கொண்டு போய், வரப்பிலேயே உட்கார்ந்து, விதை, உரம், ஆள் கூலி, தண்ணீர், விற்ற விலை எல்லாம் கேட்டுப் பதிவேட்டில் ஏற்றுவார். கடைசிக் கட்டம் ‘சொந்த உழைப்பு’. வீட்டு ஆட்கள் தங்கள் வயலில் பார்க்கும் வேலையையும் பேர்வாரியாக எழுதி, நடப்புக் கூலி போட்டுச் செலவில் சேர்க்க வேண்டும் என்று கையேட்டின் நாற்பத்து மூன்றாம் பக்கம் சொல்கிறது.

அந்தக் கட்டத்தை நிரப்பியவர் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான் என்பது, அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டிய அன்றுதான் தெரிந்தது.

நீர்த்தேக்கம் கட்ட ஆற்றின் இரண்டு கரையிலும் நிலம் எடுக்கிறார்கள். விலைக்கு அடிப்படை, பத்து ஆண்டுப் பண்ணை லாபத்தின் சராசரி. கிழக்குக் கரை: ஏக்கருக்கு ஆண்டுக்குப் பதினெட்டாயிரத்து இருநூறு லாபம், நில விலை பதினொரு லட்சம். மேற்குக் கரை: ஏக்கருக்கு ஆயிரத்து நூறு நட்டம், நில விலை நான்கு லட்சம். அதே மண், அதே ஆற்றுத் தண்ணீர், இரண்டு பக்கமும் அதே வெங்காயம்.

மறுநாள் காலை ஆறரைக்கு அண்ணி வந்துவிட்டார். அண்ணன் இறந்து, மகன்கள் இருவரும் வெளியூர் போன பிறகு நான்கு ஏக்கரையும் ஒற்றை ஆளாய் இழுத்துக்கொண்டிருப்பவர். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“தம்பி, என் நிலம் நட்டத்துல ஓடுதுன்னு எழுதினது நீதானே?”

“நட்டம்னு நான் எழுதல அண்ணி. நீங்க பார்த்த வேலைய எழுதினேன்.”

“அதுதான் கேக்கறேன். நான் முதுகொடிய வேலை பார்த்தேன், நீ அதைச் செலவுன்னு எழுதி என் மண்ணை மலிவாக்கிட்ட. நான் படுத்துத் தூங்கியிருந்தா என் நிலம் பதினொரு லட்சமா?”

கேள்வியில் தப்பே இல்லை. அதுதான் அவரை எரித்தது.

அன்றே அலுவலகத்தில் கிழக்குக் கரைப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். பத்து ஆண்டுக்கும் கடைசிக் கட்டம் முழுக்கப் பூஜ்யம். ஒரே பேனா, ஒரே மை, ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது பார்த்தாலே தெரிந்தது. அந்தக் கரையின் கணக்கெடுப்பாளர் எதிர் மேஜையில்தான் இருந்தார்.

“உங்க பக்கம் யாரும் வயல்ல குனியறதே இல்லையாய்யா?”

“ஏன் சார் கத்தறீங்க? வீட்டு ஆளுக்கு யார் கூலி கொடுத்தா? கொடுக்காத காசை எதுக்கு எழுதறது?”

“கையேட்டுல இருக்கு!”

“கையேட்டை நீங்க ஒருத்தர்தான் சார் படிச்சிருக்கீங்க. அதுக்குத்தான் உங்க ஜனங்களுக்கு நாலு லட்சம்.”

மேஜைக்கு மேஜை சிரிப்பு. கால்மணி பேனாவை எடுத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தார். மேற்கில் சொந்த உழைப்பு ஏக்கருக்குப் பத்தொன்பதாயிரத்து ஐநூறு. அது யார் கையையும் விட்டுப் போன பணம் இல்லை. அதைத் திரும்பக் கூட்டினால் நட்டம் போய்ப் பதினெட்டாயிரத்து நானூறு லாபம். கிழக்கைவிட இருநூறு அதிகம். இதை ஒரு தாளில் எழுதி, மேற்குக் கரைப் பதிவேடுகளையும் எடுத்துக்கொண்டு, வியாழக்கிழமை பத்து மணிக்கு அண்ணியையும் கூட்டிக்கொண்டு அதிகாரி அறைக்குப் போனார். மற்ற இருபத்தோரு வீட்டு ஆட்களும், ‘கிழக்கு மாதிரியே பூஜ்யம் போட்டுடுங்க’ என்றபடி வெளியே நின்றார்கள்.

அதிகாரி தாளை இரண்டு முறை படித்தார். “கணக்கு சரிதான். ஆனா கூட்டிக் காட்ட படிவத்துல கட்டம் இல்லையே.”

“கட்டம் போடுங்க சார்.”

“படிவம் மேலிடத்துது. வேணும்னா ஒண்ணு பண்ணலாம். கடைசிக் கட்டத்துல இருக்கறதை அடிச்சுட்டுப் பூஜ்யம் போடுங்க. ரெண்டு கரையும் ஒண்ணாயிடும், எல்லாருக்கும் பதினொரு லட்சம். யாருக்கு என்ன நஷ்டம்?”

“உண்மையைக் கூட்ட இடமில்ல, பொய்யை எழுத இடமிருக்கு. அப்படித்தானே?”

“இந்தப் பேச்செல்லாம் எதுக்கு சார்? இவ்வளவு சுத்தமா எழுதி என்ன கண்டீங்க?”

கால்மணி அண்ணியைப் பார்த்தார். அண்ணி மேஜையில் இருந்த தன் வயல் பதிவேட்டைத் திருப்பி, போன ஆண்டு வரியில் விரலை வைத்தார்.

“இது எவ்வளவு?”

“ரெண்டாயிரத்து அறுநூத்திப் பதினொண்ணே கால் மணி நேரம்.”

அண்ணி அந்த எண்ணிலிருந்து விரலை எடுக்காமலே, “அடி” என்றார். “வெளியில நம்ம ஜனம் மொத்தமும் அதைத்தான் சொல்லுது. நான் சும்மா இருந்தேன்னே எழுது. பொறுத்துக்கறேன்.”

முப்பத்தொரு ஆண்டில் பொய்க்காக அவர் ஒரு எண்ணைத் தொட்டதில்லை. பேனாவைத் திறந்தார். ஆனால் திருத்தத்துக்கு விதி உண்டு: பழைய எண் தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு, பக்கத்தில் காரணம், அவர் கையெழுத்து, மேலதிகாரி கையெழுத்து. முதல் பக்கத்தை அடித்து, காரணம் எழுதி, மேஜையின் அந்தப் பக்கம் தள்ளினார்.

அதிகாரி வாய்விட்டுப் படித்தார்: “‘வேலை நடந்தது உண்மை. நில விலைக்காக அதிகாரி சொல்லி அடிக்கப்பட்டது.’ என்ன சார் இது? பிழைன்னு எழுதுங்க!”

“பிழை எதுவும் இல்லையே. உங்க வாயால வந்ததைத்தான் எழுதியிருக்கேன்.”

“நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அப்ப நானும் அடிக்க மாட்டேன். வெளியில இருபத்தோரு வீட்டு ஆளுங்க நிக்கறாங்க. ஏன் நடக்கலன்னு நீங்களே போய்ச் சொல்லுங்க.”

அண்ணி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். “போடுங்க சார். நான் வேலை பார்க்கலன்னு என் கொழுந்தன் மட்டும் சொன்னாப் போதுமா? நீங்களும் சொல்லுங்க.”

அதிகாரி ஜன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். பண்ணைக்குப் பத்துப் பக்கம், மொத்தம் இருநூற்று இருபது. ஒவ்வொரு பக்கத்திலும் கால்மணி அதே காரணத்தை முழுசாக எழுதினார். ‘மேற்படி’ என்று ஒரு இடத்தில்கூடச் சுருக்கவில்லை. பத்தே காலுக்கு ஆரம்பித்தது, நான்கு ஐம்பதுக்கு முடிந்தது. இடையில் யாரும் சாப்பிட எழவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் புதிய பட்டியல் வந்தது. மேலிடம் பார்த்தது எண்ணை மட்டும்தான், காரணத்தை யாரும் படிக்கவில்லை. இரண்டு கரைக்கும் பதினொரு லட்சம். மேற்குக் கரை ஆட்கள் கால்மணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் யாரிடமும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் ஆறியிருக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணி வந்தார். “தம்பி, என் பதிவேட்டுல அந்தப் பத்துப் பக்கமும் எனக்கு வேணும்.”

“இப்ப எதுக்கு அண்ணி? அதான் அடிச்சாச்சே.”

“நேத்து ரெண்டு பயலுகளும் போன் பண்ணிட்டானுங்க. அம்மா எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை இல்ல. அப்பா நிலம், பங்கு எப்போன்னு கேக்கறானுங்க. கோடு போட்டிருந்தாலும் எண்ணு தெரியும்ல?”

“நல்லாத் தெரியும். தெரியற மாதிரிதான் அடிக்கணும்.”

“அதுல எங்கயாவது அவனுங்க பேர் இருக்கா பாரு.”

பார்க்க வேண்டிய தேவையே இல்லை, எழுதியவர் அவர்தானே. இருந்தாலும் பத்துப் பக்கத்தையும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

“இல்ல அண்ணி. ஒரு நாள்கூட இல்ல.”

“அப்ப ரெண்டு ரெண்டு நகலா எடு. ஆளுக்கொண்ணு அனுப்பணும்.”