ஈயம் உருக்கினவன் வயிறு

எங்கள் தெருவில் பழைய பேட்டரிகளைப் பிரித்து ஈயம் உருக்குகிறவன் ஒருவன் இருந்தான். ஆள் ஆறடி, அதனால் நெட்டை என்போம். கடை அவன் மாமனுடையது, அதாவது அக்கா புருஷனுடையது. என் பஞ்சர் கடை அதை ஒட்டினாற்போல இருந்ததால் அவன் வயிற்று வலியில் எனக்கும் பாதி பங்கு.

வலி வந்தால் என் டயர் குவியல் மேல் குப்புறப் படுத்துக்கொள்வான். தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழியும். வெளிக்கும் ஒழுங்காகப் போகாது. சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

வாயு என்றான் டீக்கடைக்காரன். மருந்துக்கடைக்காரர் அல்சருக்கு மாத்திரை கொடுத்தார். பூச்சி என்றார் ஒருத்தர், பித்தப்பைக் கல் என்றார் இன்னொருத்தர். ஸ்கேன் எடுத்தார்கள், வாய் வழியே குழாய் விட்டும் பார்த்துவிட்டார்கள். ஒன்றும் இல்லை.

அவன் மாமன் மட்டும் அசரவில்லை. "ஊத்திக்கிட்டா வலிக்கத்தான் செய்யும். விடு மாப்ளே, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வான். நெட்டை குடியின் பக்கமே போகாதவன். பேச்சு பெண் வீட்டார் காதுக்குப் போய், பேசி வைத்திருந்த சம்பந்தமும் முறிந்தது.

டீ கிளாசை ஈயச் சட்டி ஓரத்தில் வைத்துத்தான் சூடாக்குவான். சட்டி மூடியில் ரொட்டி வாட்டுவான். "வேலை நிக்கக்கூடாது, இங்கயே சாப்பிட்டுக்க" என்று மாமன் பழக்கிவிட்டது. மாமன் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் சாப்பிடுவான். முதலாளித் திமிர் என்று நினைத்தோம்.

ஒரு நாள் சுருண்டு விழுந்தவனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த டாக்டரம்மா எடுத்தவுடனே, "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார்.

"இதுவரைக்கும் எங்க வலிக்குதுன்னுதான்மா எல்லாரும் கேட்டாங்க" என்றான் நெட்டை.

பல் ஈறைப் பார்த்தார். ஓரத்தில் கருநீலக் கோடு. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. புகையாகவும் தூளாகவும் ஈயம் உடம்புக்குள் ஏறியிருக்கிறது, அந்த வேலையை விடாமல் எந்த மருந்தும் கேட்காது என்றார்.

காரணம் கிடைத்த சந்தோஷத்தில் நேரே அக்கா வீட்டுக்குப் போனான். நான் வாசலில் நின்றேன்.

"அக்கா, வலி ஏன்னு கண்டுபிடிச்சாச்சு!"

அவள் பாத்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "ஈயம்தானே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்கும் இதே வலிதான்டா. ஈயத்தத் தொடாதேன்னு டாக்டர் சொன்னப்புறம்தானே உன்ன வரச் சொன்னோம்."

"சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொன்னா வந்திருப்பியா? அவருக்கு ஒண்ணுன்னா நானும் பிள்ளைங்களும் நடுத்தெருவுல. நீ ஒண்டிக்கட்டைதானே."

"என்னைக் குடிகாரன்னு சொன்னது?"

அவள் அடுத்த பாத்திரத்தைத் தேய்க்க எடுத்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே மாமன் வந்தான். "என்ன மாப்ளே, வர்றியா, வேற ஆள் பாக்கட்டுமா?"

"பாருங்க மாமா. அவன்கிட்டயாவது சொல்லிட்டுச் சேத்துக்கங்க."

மாமன் துண்டை உதறிக் கொடியில் போட்டான்.

நெட்டை இப்போது என் வீட்டு மாடி அறையில் இருக்கிறான், மூட்டை தூக்கப் போகிறான். வலி குறைந்துவிட்டது. அக்கா சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவாள். ஆள் இல்லை என்று சொல்லச் சொல்வான். அவன் மேலே இருப்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.