பாதி முகத்துக்கு மட்டும்

என் விசிட்டிங் கார்டில் ‘பிசினஸ் டெவலப்மென்ட்’ என்று போட்டிருக்கும். ஈப்போவில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, நான் ஏதோ குளுகுளு அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் முகக் கிரீமும் சத்து மாவும் அடைத்த பெட்டிகளைப் பழைய காரில் ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகப் போய் பெண்கள் சலூன் கதவுகளைத் தட்டுகிறவள் நான். புதுக் கடை பிடிப்பதுதான் வேலை. பிடிக்காத மாதம் மேனேஜர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

கடை பிடிக்க எங்களுக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தில் ஒரு பாதிக்கு மட்டும் எல்லாம் செய்ய வேண்டும். கழுவி, தேய்த்து, கிரீம் பூசிக் கண்ணாடியைக் கையில் கொடுக்க வேண்டும். மறு பாதியைத் தொடவே கூடாது. “அந்தப் பாதிதான் உங்களுக்கு சேல்ஸ் பண்ணும்” என்பார் பயிற்சி கொடுத்தவர். கிரீமில் கலந்திருக்கிற வெள்ளை தண்ணீர் பட்டால் போய்விடும் என்பதை அவர் சொல்லவில்லை. முதல் வாரமே என் கைக்குட்டையைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

தெலுக் இந்தானுக்குப் போகிற வழியில், ரப்பர் தோட்டம் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. அதன் ஓரத்தில் ஒரு தாமான் குடியிருப்பு. தோட்டத்து லய வீடுகளைக் காலி செய்து வந்தவர்கள்தான் அங்கே பாதிப் பேர். அங்கிருந்த ஒரே சலூன்கார அக்கா, நான் நான்கு தடவை அலைந்தும் மசியவில்லை. ஐந்தாவது தடவை, “சரி, செஞ்சு காட்டு. என் கஸ்டமருங்க வாங்குனா ஸ்டாக் எடுக்குறேன்” என்றார்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் பக்கத்துப் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிற அக்கா. தோழிக்குத் துணையாக வந்தவர். ஐம்பது வயது இருக்கும். இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருந்தது. அதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

“என் மூஞ்சிய வச்சு வியாபாரமா? ஒன் கம்பனி நட்டப்படப் போவுது லா” என்று சொல்லிக் கடையே அதிரச் சிரித்தார். பார்த்தவுடனே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

இடது பக்கம் முழுவதும் செய்து முடித்துக் கண்ணாடியைக் கொடுத்தேன். சிரிப்பு நின்றது. முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒட்டியிருக்கிற எதையோ துடைப்பது போல வலது கன்னத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“அந்தப் பக்கமும் போட்டு விடேம்மா. இப்படியே எப்படி ரோட்டுல போறது?”

“கிரீம் செட் வாங்குனா வீட்டுல நீங்களே போட்டுக்கலாங்க்கா.”

வீட்டுக்குப் போய் முகம் கழுவினால் சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கடை கைவிட்டுப் போயிருக்கும். அவர் எதுவும் வாங்கவில்லை. வெயிலுக்கு மறைப்பது போலக் கைப்பையை வலது கன்னத்தோரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் நான்கு பேர் அங்கேயே செட் வாங்கினார்கள். சலூன்கார அக்கா கையெழுத்துப் போட்டார். மேனேஜர் வாட்ஸ்அப் குழுவில் என் படத்தைப் போட்டு வாழ்த்தினார்.

அடுத்த மாதம் சரக்கு கொடுக்கப் போனபோது கேண்டீன் அக்காவைப் பற்றி விசாரித்தேன்.

“அவங்களா? அன்னையிலருந்து மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் திரியுறாங்க. கொரோனா திரும்ப வந்திருச்சான்னு புள்ளைங்க கேக்குதுங்க லா” என்று சலூன்கார அக்கா சிரித்தார்.

நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ரெஹாட் இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பியிருந்தார்கள். அவர் அடுப்படியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். வியர்வையில் மாஸ்க் நனைந்து மூக்கோடு ஒட்டியிருந்தது. மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அது கிரீமில் இருக்கிற நிறம், மங்கு ஒன்றும் போகவில்லை, அன்றைக்கே சொல்லாதது என் தப்பு.

“தெரியும்மா. அன்னிக்குக் குளிச்சதுமே ஓடிப்போச்சு. ரெண்டு பக்கமும் ஒண்ணாயிருச்சு.”

“அப்புறம் ஏங்க்கா இந்த மாஸ்க்?”

“ரெண்டும் நீ தொடாத அந்தப் பக்கம் மாதிரி ஆயிருச்சுல்ல.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

“கார்ல செட் இருக்கா?”

“வேணாங்க்கா. அது பொய்யின்னுதான் சொல்றேனே.”

“பொய்யின்னு தெரிஞ்சுதான் கேக்குறேன். காலையில போட்டா ரெஹாட் வரைக்கும் நிக்குமா?”

அடுப்பைப் பார்த்தேன். அந்த ஆவியில் அரை மணி நேரம்கூடத் தாங்காது.

“நிக்கும்க்கா” என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய் ஒரு செட்டை எடுத்து வந்தேன்.